பிரிட்ஜ் பழகத் தொடங்குபவர்களுக்கு: எந்தக் கன்வென்ஷனை முதலில் எடுப்பது, பார்ட்னரோடு எதையெல்லாம் பேசி வைப்பது

கொழும்பில் பிரிட்ஜ் பழக வருகிற நம்மவர்களில் பலர் வீட்டில் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். துரும்பு, வெட்டு, பார்ட்னரை நம்பி ஆடுவது எதுவும் புதிதில்லை. ஜாக்கும் 9உம் மேலே என்ற பழக்கம் விட்டுப்போய் ஏஸ், கிங், குயின், ஜாக் என்ற வரிசை கைக்கு வரச் சில நாள் போதும். திணற வைப்பது ஏலம்தான். புதிதாக அறிமுகமான ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்து, "ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர், பிளாக்வுட், வழமையான சிக்னல், சரிதானே?" என்று கேட்பார், நீங்களும் "ஓம்" என்பீர்கள், ஆட்டம் தொடங்கிவிடும். அந்த ஒரு "ஓம்" எத்தனை கேள்விகளைப் பதிலில்லாமல் விட்டது என்பது இரண்டு மூன்று போர்ட் (ஒரு முறை சீட்டுப் பகிர்ந்து ஆடுவது ஒரு போர்ட்) போன பிறகுதான் தெரியவரும்.

நான் இதையெல்லாம் ஆங்கிலப் புத்தகங்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் கூட ஆடியவர்கள் சொன்னதிலிருந்தும் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது, எது முதலில் எது பிறகு என்று சொல்ல ஆளில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏலத்தில் ஒருவர் சொல்வது பிட், அதற்குப் பார்ட்னரோடு பேசி வைக்கும் தனி அர்த்தம்தான் கன்வென்ஷன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கன்வென்ஷனை எடுத்தாலும் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: முதல் பிட் என்ன, அதற்குப் பின் வரும் பிட்கள் என்ன, எதிராளி இடையில் புகுந்தால் என்ன. மூன்றாவதைப் பார்ட்னரோடு பேசவில்லை என்றால் அந்தக் கன்வென்ஷன் இல்லாமலே ஆடுங்கள், நட்டம் குறைவு.

ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1 என்று புள்ளி எண்ணவும், இரண்டு கையிலும் சேர்த்து 25 அளவில் இருந்தால் கேம் (போனஸ் தரும் அளவு ஏலம்), 33 இருந்தால் ஸ்லாம் (பன்னிரண்டு ட்ரிக்) பார்க்கலாம் என்பதும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹார்ட்டும் ஸ்பேட்டும் மேஜர். ஐந்து சீட்டு இருந்தால்தான் மேஜரில் திறப்பது, அதாவது ஏலத்தைத் தொடங்குவது. 1 நோட்ரம்ப் (துரும்பில்லாத ஆட்டம்) என்றால் 15 முதல் 17 வரை. கீழே எல்லாம் இந்த முறையை வைத்துத்தான்.

1. முதலில் காகிதம்: கன்வென்ஷன் கார்ட்

நீங்களும் பார்ட்னரும் என்ன ஆடுகிறீர்கள் என்பதை எதிராளிக்குக் காட்டும் படிவம் இது. உலக பிரிட்ஜ் சம்மேளனத்தின் படிவமும் அமெரிக்கக் கழகங்கள் பயன்படுத்தும் படிவமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்கப் படிவத்தில் கட்டம் கட்டமாக டிக் போட்டுக்கொண்டே போகலாம், அதனால் தொடங்குகிறவருக்கு அதுதான் லேசு. இரண்டு பிரதி வேண்டும், ஆளுக்கொன்று, இரண்டிலும் ஒரே விஷயம் இருக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் வெள்ளவத்தையில் எந்தக் கடையிலும் இரண்டு ஃபோட்டோகொப்பி எடுக்கிற காசு. லாமினேட் செய்ய அவசரப்பட வேண்டாம். முதல் சில மாதம் பென்சிலால் எழுதுங்கள், மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

நிரப்புவதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, இரண்டு பேரும் நேரில் இருந்து கதைத்து நிரப்புங்கள். ஒருவர் நிரப்பி மற்றவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மற்றவர் வாசிக்க மாட்டார், அனுபவத்தில் சொல்கிறேன். முதல் சந்திப்பில் எழுத வேண்டியவை: 1 நோட்ரம்ப்பின் புள்ளி எல்லை, அதற்கு எதிராளி டபிள் சொன்னால் என்ன, இரண்டில் திறப்பதன் அர்த்தம், பிளாக்வுட் எந்த வகை, லீட் (முதலில் இறக்கும் சீட்டு) முறை, சிக்னல் (தடுக்கும்போது சீட்டால் பார்ட்னருக்குச் சொல்லும் சேதி) முறை. மற்றக் கட்டங்களை வெறுமையாக விடலாம். வெறுமையான கட்டம் என்றால் அந்த பிட் சும்மா இயல்பானது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் போதும்.

கவனம்: கார்ட் எதிராளி பார்ப்பதற்கு. ஏலம் தொடங்கிய பின் மறந்துபோன பதிலைத் தேடி உங்கள் கார்டை நீங்களே எடுத்துப் பார்க்க விதி இடம் தராது. ஆகவே மனப்பாடம்தான் ஒரே வழி.

2. ஸ்டேமன்

பார்ட்னர் 1 நோட்ரம்ப் என்று திறக்கிறார். நீங்கள் 2 கிளப் என்கிறீர்கள். "உங்களிடம் நாலு சீட்டு மேஜர் இருக்கிறதா?" என்பது இதன் பொருள். இல்லை என்றால் 2 டயமண்ட், ஹார்ட் நாலு என்றால் 2 ஹார்ட், ஸ்பேட் நாலு என்றால் 2 ஸ்பேட், இரண்டுமே இருந்தால் முதலில் 2 ஹார்ட்.

இது ஏன் எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது என்பதற்கு ஒரு கை. உங்களிடம் ஸ்பேட்டில் கிங், ஜாக், 8, 4. ஹார்ட்டில் 7, 3. டயமண்டில் ஏஸ், குயின், 6, 2. கிளப்பில் 9, 5, 4. மொத்தம் 10 புள்ளி. பார்ட்னரிடம் ஸ்பேட்டில் ஏஸ், குயின், 7, 2. ஹார்ட்டில் 8, 6. டயமண்டில் கிங், ஜாக், 5, 3. கிளப்பில் ஏஸ், கிங், 6. அவரிடம் 17. இரண்டும் சேர்த்து 27 இருக்கிறதே என்று நீங்கள் நேரே 3 நோட்ரம்ப் சொன்னால் எதிராளி ஹார்ட் லீட் செய்து, குறைந்தது ஐந்து ட்ரிக் எடுத்துவிட்டுத்தான் நிறுத்துவார், கொன்ட்ராக்ட் (எடுப்பதாக ஏலத்தில் ஒத்துக்கொண்ட ட்ரிக்) போச்சு. 2 கிளப் கேட்டு, 2 ஸ்பேட் என்ற பதில் வந்து, 4 ஸ்பேட் சொல்லியிருந்தால் ஹார்ட்டில் இரண்டும் கிளப்பில் ஒன்றும்தான் போகும். ஸ்பேட் நாலு, டயமண்ட் நாலு, கிளப் இரண்டு, மொத்தம் பத்து ட்ரிக். வல்னரபிள் (போனஸும் தண்டமும் கூடும் நிலை) இல்லாத போர்டில் ஒன்று மைனஸ் 50, மற்றது பிளஸ் 420. சீட்டு அதே சீட்டு.

பேசி வைக்க வேண்டியவை. ஸ்டேமன் கேட்க உங்களுக்கு 8 புள்ளியாவது வேண்டும், ஏனென்றால் பதில் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் 2 நோட்ரம்ப்புக்குப் போக வேண்டிவரும். ஒரு விதிவிலக்கு: கிளப் ஒன்றோ இல்லாமலோ இருந்து, இரண்டு மேஜரிலும் நாலு நாலு, டயமண்டும் நாலைந்து என்று மெலிந்த கை வந்தால் எந்தப் பதில் வந்தாலும் பாஸ் சொல்லும் நோக்கத்தோடு கேட்கலாம். அடுத்தது, பலர் தவறவிடுகிற இடம். நீங்கள் 2 கிளப் கேட்டு, அவர் 2 ஹார்ட் சொல்லி, நீங்கள் 3 நோட்ரம்ப் சொன்னால் உங்களிடம் ஸ்பேட் நாலு இருக்கிறது என்றுதான் அர்த்தம், இல்லாவிட்டால் ஏன் கேட்டீர்கள்? ஆகவே அவரிடம் ஸ்பேட்டும் நாலு இருந்தால் 4 ஸ்பேட்டுக்கு மாற்ற வேண்டும். இதைப் பார்ட்னரிடம் வாய்விட்டுச் சொல்லி உறுதிப்படுத்துங்கள்.

எதிராளி புகுந்தால்? "அங்கிள், நடுவில் டபிள் வந்தால் ஸ்டேமன் இருக்கா இல்லையா?" என்று கேட்டுவிடுங்கள், மூத்தவர் என்று கூச்சப்பட வேண்டாம். தொடக்கத்துக்கு நான் சொல்லும் எளிய உடன்பாடு: எதிராளி டபிள் சொன்னால் எல்லாம் வழமைபோல, எதிராளி 2 கிளப் சொன்னால் நம் டபிள் ஸ்டேமன், அதற்கு மேல் எது சொன்னாலும் கன்வென்ஷன் எல்லாம் நின்றுவிடும், சொல்வது சொன்ன சூட்தான். இதைவிட நல்ல முறைகள் இருக்கின்றன, ஆனால் இரண்டு பேரும் மறக்காத முறை இது.

3. டிரான்ஸ்ஃபர்

1 நோட்ரம்ப்புக்குப் பதிலாக 2 டயமண்ட் என்றால் ஹார்ட் ஐந்தோ மேலேயோ, 2 ஹார்ட் என்றால் ஸ்பேட் ஐந்தோ மேலேயோ. திறந்தவர் கேள்வியில்லாமல் அடுத்த சூட்டைச் சொல்லியாக வேண்டும். புள்ளி பூச்சியமாக இருந்தாலும் இதைச் சொல்லலாம், அதுதான் இதன் அருமை. கையில் ஒன்றுமே இல்லை, ஹார்ட் மட்டும் ஐந்து என்றால் 2 டயமண்ட், அவர் 2 ஹார்ட், நீங்கள் பாஸ். 1 நோட்ரம்ப்பில் அவரைத் தனியாகத் தவிக்க விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு இலாபம், புள்ளி நிறைந்த கை மறைந்திருக்கும். எதிராளியின் முதல் லீட் அந்தக் கையை நோக்கி வரும், அவரது கிங்கும் குயினும் பாதுகாப்பாக இருக்கும்.

டிரான்ஸ்ஃபர் முடிந்த பிறகு நீங்கள் 2 நோட்ரம்ப் சொன்னால் 8 அல்லது 9 புள்ளி, ஐந்து சீட்டு, முடிவு அவருடையது. 3 நோட்ரம்ப் சொன்னால் கேமுக்குப் புள்ளி இருக்கிறது, ஐந்து சீட்டுத்தான், 3 நோட்ரம்ப்பா 4 மேஜரா என்று அவர் தெரிவு செய்ய வேண்டும். மூன்று சீட்டு இருந்தால் பொதுவாக மேஜருக்குப் போவார். ஆறு சீட்டு என்றால் நீங்களே 4 சொல்லிவிடலாம். திறந்தவரிடம் அந்த மேஜரில் நாலு சீட்டும் 17 புள்ளியும் இருந்தால் 2க்குப் பதில் 3க்குத் தாவலாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இது விருப்பம்.

பொறி என்னவென்றால் மறதி. பார்ட்னர் 2 டயமண்ட் என்றதும் "டயமண்ட் இருக்கிறது போல" என்று பாஸ் சொல்லி, மூன்று சீட்டு டயமண்டில் அவர் தத்தளிப்பதை எல்லா மேசையிலும் பார்க்கலாம். இதற்கு மருந்து வீட்டுப் பயிற்சிதான். ஒரு சீட்டுக்கட்டை எடுத்து, 1 நோட்ரம்ப் கை ஒன்றைப் பொறுக்கி ஒருவருக்குக் கொடுத்து, மிச்சச் சீட்டில் பதின்மூன்று பதின்மூன்றாக மற்றவர் எடுத்து, ஏலம் மட்டும் விடுங்கள். அரை மணித்தியாலத்தில் பத்துப் பதினைந்து கை வரும். ஸ்டேமனும் டிரான்ஸ்ஃபரும் யோசிக்காமல் வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

4. இரண்டு டபிள்கள்

304 பழக்கத்தில் டபிள் என்றதும் "உன்னை மடக்கிக் காட்டுகிறேன்" என்றுதான் தோன்றும். பிரிட்ஜில் தாழ்ந்த மட்டத்தில் வரும் டபிள்கள் பெரும்பாலும் அப்படியல்ல.

முதலாவது டேக்அவுட் டபிள். எதிராளி 1 ஹார்ட் என்று திறக்கிறார், உங்களுக்கு ஹார்ட் ஒன்றோ இரண்டோதான், மற்ற மூன்று சூட்டிலும் குறைந்தது மூன்று மூன்று, புள்ளி 12 அல்லது மேலே. டபிள் சொல்லுங்கள். "பார்ட்னர், உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லுங்கள்" என்று அர்த்தம். இடையில் எதிராளி பாஸ் சொன்னால் பார்ட்னர் பேசியே ஆக வேண்டும். கையில் ஒரு ஜாக் மட்டும், ஸ்பேட்டில் 8, 6, 4, 2 என்றாலும் 1 ஸ்பேட் சொல்ல வேண்டும். "என்னிடம்தான் ஒன்றுமில்லையே" என்று பாஸ் சொன்னால் எதிராளி 1 ஹார்ட் டபிளை வென்று, மேலதிகமாக எடுக்கும் ஒவ்வொரு ட்ரிக்குக்கும் 100, வல்னரபிள் என்றால் 200 வாங்கிக்கொண்டு போவார். 0 முதல் 8 வரை தாழ்ந்த பிட், 9 முதல் 11 வரை ஒரு படி தாவி, 12க்கு மேல் கேமை நோக்கி. தாவாமல் சொன்னால் கை பூச்சியமாகவும் இருக்கலாம் என்பதை டபிள் சொன்னவர் நினைவில் வைக்க வேண்டும், அடுத்த சுற்றில் அவர்தான் அளவு மீறுவார்.

இரண்டாவது நெகட்டிவ் டபிள். பார்ட்னர் 1 டயமண்ட், எதிராளி 1 ஸ்பேட், உங்களிடம் ஹார்ட் நாலு, 7 புள்ளி. 2 ஹார்ட் சொல்ல ஐந்து சீட்டும் பத்துப் புள்ளியும் வேண்டும், உங்களிடம் இல்லை. டபிள் சொன்னால் ஹார்ட் நாலு என்று சேதி போய்விடும். எதிராளி 1 ஹார்ட் சொன்னால் டபிள் ஸ்பேட் நாலு, 1 ஸ்பேட் என்று வாயால் சொன்னால் ஐந்து. எந்த மட்டம் வரை இது செல்லும் என்று கார்டில் எழுதுங்கள். 2 ஸ்பேட் வரை என்று தொடங்கினால் போதும். எழுதாமல் விட்டால் 3 டயமண்டுக்கு மேல் ஒருவர் சொல்லும் டபிளை மற்றவர் வேறு விதமாக எடுப்பார், அந்த ஒரு போர்ட் மாலை முழுவதையும் கெடுக்கும்.

5. இரண்டில் திறப்பது

இதில் நிறையச் சொல்ல இல்லை. 2 கிளப் மட்டும் பலமான கை, 22 அல்லது மேலே. பதில் தெரியாவிட்டால் 2 டயமண்ட் சொல்லிக் காத்திருங்கள். 2 டயமண்ட், 2 ஹார்ட், 2 ஸ்பேட் மூன்றும் மெலிந்தவை: ஆறு சீட்டு, 6 முதல் 10 வரை, அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் அதே சூட்டில். வல்னரபிள் என்றால் ஏஸ், கிங், குயின் மூன்றில் குறைந்தது இரண்டு அந்தச் சூட்டில் இருக்கட்டும். ஒரு முறை திறந்த பிறகு, பார்ட்னர் கேட்டாலொழிய வாய் திறக்கக் கூடாது. கையைச் சொல்லியாகிவிட்டது.

6. பிளாக்வுட்

எல்லோருக்கும் பிடித்தது, ஆனால் வரும் தடவைகளைப் பார்த்தால் ஆறாவது இடம்கூட அதிகம். துரும்பு சூட் முடிவான பின் 4 நோட்ரம்ப் என்றால் ஏஸ் எத்தனை என்று கேள்வி. பழைய முறையில் 5 கிளப் பூச்சியம் அல்லது நாலு, 5 டயமண்ட் ஒன்று, 5 ஹார்ட் இரண்டு, 5 ஸ்பேட் மூன்று. முதல் ஆறு மாதத்துக்கு இது போதும்.

கழகங்களில் இப்போது அதிகம் ஆடுவது கீகார்ட் முறை. துரும்பின் கிங்கையும் ஒரு ஏஸ் போல எண்ணி, ஐந்து கீகார்ட். இதிலேதான் பெரிய குழி. "1430" என்று சொல்வார்கள்: 5 கிளப் என்றால் ஒன்று அல்லது நாலு, 5 டயமண்ட் என்றால் பூச்சியம் அல்லது மூன்று. "3014" என்றால் இவை இரண்டும் இடம் மாறும். 5 ஹார்ட் இரண்டு, துரும்பின் குயின் இல்லை. 5 ஸ்பேட் இரண்டு, குயினும் உண்டு. இது இரண்டிலும் பொது. "கீகார்ட் ஆடுவோம்" என்று மட்டும் பேசிவிட்டு ஆளுக்கொரு வகையை மனதில் வைத்திருந்தால், பார்ட்னர் ஒன்று என்று காட்டியதை நீங்கள் மூன்று என்று படித்து ஆறுக்குப் போவீர்கள். எண்ணைக் கார்டில் எழுதுங்கள், பெயரை மட்டும் எழுத வேண்டாம்.

எப்போது கேட்கக் கூடாது என்பதும் கேட்கும் முறை அளவுக்கு முக்கியம்.

ஏதாவது சூட் உங்களிடம் அறவே இல்லை என்றால் கேட்காதீர்கள், பார்ட்னரின் ஏஸ் அதே சூட்டில் இருந்தால் பதிலால் பயனில்லை. ஏலத்தில் வராத சூட்டில் இரண்டு சின்னச் சீட்டு மட்டும் இருந்தாலும் கேட்காதீர்கள்: ஏஸ் ஒன்றுதான் குறைகிறது என்று தெரிந்து ஆறு சொல்வீர்கள், எதிராளி அந்தச் சூட்டில் ஏஸும் கிங்கும் எடுத்துவிடுவார். துரும்பு கிளப் என்றால் 5 டயமண்ட் என்ற பதிலே உங்களை 5 கிளப்பைத் தாண்டிக் கொண்டுபோய்விடும், அங்கே இறங்க வழியில்லை. அப்புறம், பார்ட்னர் 1 நோட்ரம்ப் திறந்த உடனேயே நீங்கள் சொல்லும் 4 நோட்ரம்ப் ஏஸ் கேட்பது அல்ல. "உங்களிடம் 17 இருந்தால் ஆறுக்குப் போங்கள்" என்ற அழைப்பு. அங்கே ஏஸ் கேட்க வேண்டுமென்றால் 4 கிளப், கெர்பர் என்பது அதுதான். கெர்பரை நோட்ரம்ப்புக்கு நேர் பதிலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேறெங்கும் 4 கிளப் கிளப்தான்.

7. லீட்

ஏலம் முடிந்து சீட்டுப் போடும் பகுதியைப் புதியவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். ஏறக்குறையப் பாதிப் போர்ட்களில் நீங்கள் தடுக்கும் பக்கத்தில்தான் இருப்பீர்கள், ஆகவே இந்தப் படியும் அடுத்த படியும் மேலே சொன்ன பலவற்றைவிட அதிகம் பயன்படும்.

தொடர்ச்சி இருந்தால் மேலேயுள்ளது: கிங், குயின், ஜாக் இருந்தால் கிங். குயின், ஜாக், 10 இருந்தால் குயின். ஏஸும் கிங்கும் சேர்ந்திருந்தால் ஏஸ் போடுவதா கிங் போடுவதா என்பதை எழுதிக்கொள்ளுங்கள், இரண்டுமே வழக்கத்தில் உண்டு. கீழே ஏஸ் என்றே வைத்திருக்கிறேன். நோட்ரம்ப்புக்கு எதிராகத் தொடர்ச்சியில்லாத நீண்ட சூட்டில் மேலிருந்து நாலாவது சீட்டு.

நாலாவது சீட்டு என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் பதினொன்று கணக்கு இலவசமாகக் கிடைக்கும். பார்ட்னர் போட்ட சீட்டின் எண்ணைப் பதினொன்றிலிருந்து கழியுங்கள். மற்ற மூன்று கைகளிலும் அதைவிடப் பெரிய சீட்டுகள் அத்தனைதான். உதாரணமாக, பார்ட்னர் 6 போடுகிறார், டம்மியில் (மேசையில் விரித்து வைத்த கை) குயின், 7, 2. உங்களிடம் ஏஸ், 10, 9. பதினொன்றில் ஆறு போனால் ஐந்து. டம்மியில் குயினும் 7உம் இரண்டு, உங்களிடம் மூன்று. ஐந்தும் கண்முன்னே இருக்கிறது, டிக்ளேரரிடம் (கொன்ட்ராக்டை ஆடுபவர்) 6ஐவிடப் பெரியது ஒன்றுகூட இல்லை! டம்மி 2 போட்டால் ஏஸைச் செலவழிக்காமல் 9ஐப் போட்டாலே அந்த ட்ரிக் உங்களுடையது. அடுத்து ஏஸைப் போட்டு, பிறகு 10ஐப் பார்ட்னரின் கிங்குக்குக் கொடுங்கள், டம்மியின் குயின் அங்கே விழும். பார்ட்னர் நாலாவது அல்லாத சீட்டை லீட் செய்யும் ஆளாக இருந்தால் இந்தக் கணக்கு உங்களை நேரே பள்ளத்தில் தள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

8. சிக்னல்

மூன்று வகை, முன்னுரிமை இந்த ஒழுங்கில்தான்.

பார்ட்னர் லீட் செய்த சூட்டில்: பெரிய சீட்டு என்றால் "தொடருங்கள்", சின்னது என்றால் "வேண்டாம்". டிக்ளேரர் ஒரு சூட்டைத் தொடங்கினால்: பெரியது போட்டுப் பிறகு சின்னது என்றால் இரட்டை எண்ணிக்கை, சின்னது போட்டுப் பிறகு பெரியது என்றால் ஒற்றை. பார்ட்னருக்கு வெட்டக் கொடுக்கும்போது: துரும்பையும் அந்தச் சூட்டையும் தள்ளிவிட்டால் மிச்சம் இரண்டு சூட், பெரிய சீட்டுப் போட்டால் அதில் மேலானதில் திரும்பி வா, சின்னது போட்டால் கீழானதில் வா. ஸ்பேட், ஹார்ட், டயமண்ட், கிளப் என்பதுதான் மேலிருந்து கீழ்.

பெரியது எது, சின்னது எது என்பதுதான் நடைமுறையில் உள்ள சிக்கல். ஒரு 6ஐப் பாருங்கள். நீங்கள் ஹார்ட் ஏஸை லீட் செய்கிறீர்கள், கையில் ஏஸ், கிங், 10, 3. டம்மியில் 9, 5, 4. டம்மி 4 போட, பார்ட்னர் 6 போட, டிக்ளேரர் 8 போடுகிறார். 6 என்றால் நடுவில் ஏதோ என்று விட்டுவிடாதீர்கள், கீழே உள்ளவற்றை எண்ணுங்கள். 5உம் 4உம் டம்மியில், 3 உங்களிடம். காணாமல் போனது 2 மட்டும். அது பார்ட்னரிடம் இருந்தால் 6 "தொடருங்கள்" என்ற சிக்னல், ஒன்றில் குயின் இருக்கிறது, அல்லது இரண்டே சீட்டு, மூன்றாவதை வெட்டுவார். ஆனால் கெட்டிக்கார டிக்ளேரர் 2ஐ ஒளித்து வைத்துக்கொண்டு 8ஐப் போட்டிருக்கலாம், உங்கள் பார்ட்னரின் மிகச் சின்னச் சீட்டைப் பெரியதாகக் காட்ட அதுதான் வழி. அவர் அப்படிச் செய்யக்கூடியவரா, ஏலத்தில் அவர் காட்டிய கை என்ன என்று பார்த்துத்தான் முடிவு. ஒவ்வொரு லீட்டிலும் இந்த எண்ணிக்கையைச் செய்யப் பழகினால் சில வாரத்தில் தானாக வரும்.

சிலர் தலைகீழ் முறை ஆடுவார்கள், சின்னது போட்டால் தொடரச் சொல்வது. பெரிய சீட்டை வீணாக்காமல் சிக்னல் கொடுக்க முடிவதால் அது நல்ல முறைதான். புதிய பார்ட்னர் அதைத்தான் ஆடுவார் என்றால் நீங்கள் மாறிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு மாலைக்குள் இரண்டு முறையையும் கலக்க வேண்டாம்.

இன்னொன்று, சிக்னல் சீட்டில் மட்டும்தான். வேகமாகப் போடுவது, தயங்கிப் போடுவது, மேசையில் தட்டிப் போடுவது எதுவும் சிக்னல் ஆகக்கூடாது. வீட்டு 304இல் பார்ட்னரின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆடியதை இங்கே கொண்டுவந்தால் நடுவர் வரைக்கும் போகும், அது நியாயமும்கூட.

9. மேசையில்: அலேர்ட், விளக்கம், நேரம், காசு

பார்ட்னரின் பிட் இயல்பானதாக இல்லாவிட்டால் அலேர்ட் செய்ய (எதிராளிக்கு அதைத் தெரியப்படுத்த) வேண்டியது நீங்கள்தான், சொன்னவர் அல்ல. எதை அலேர்ட் செய்ய வேண்டும், எதை வாயால் அறிவிக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். முதல் முறை போகும் கழகத்தில் தொடங்குவதற்கு முன் நடுவரிடம் கேட்டுவிடுங்கள். இணையத்தில் பிரிட்ஜ் பேஸ் ஒன்லைனில் இது மறுபக்கம், உங்கள் பிட்டை நீங்களே அலேர்ட் செய்து விளக்கம் எழுத வேண்டும், பார்ட்னருக்கு அது தெரியாது.

எதிராளி கேட்டால் என்ன பேசி வைத்தீர்களோ அதைச் சொல்லுங்கள், பார்ட்னரின் கையில் என்ன இருக்கும் என்ற ஊகத்தை அல்ல. "அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை" என்பதும் சரியான பதில்தான்.

பார்ட்னர் உங்கள் பிட்டைப் பிழையாக விளக்கினால்? முகத்தில் ஒன்றும் காட்டாமல், அந்த விளக்கத்தைக் கேட்காதது போலவே தொடர்ந்து பிட் சொல்லுங்கள். கொன்ட்ராக்ட் உங்கள் பக்கம் வந்தால் முதல் லீட்டுக்கு முன் நடுவரைக் கூப்பிட்டுத் திருத்த வேண்டும். தடுக்கும் பக்கம் என்றால் ஆட்டம் முடிந்த பிறகுதான் சொல்ல வேண்டும், முன்னே சொன்னால் பார்ட்னருக்குத் தகவல் கொடுத்தது ஆகும். இந்த இரண்டு நேரமும் மாறிப்போனால் நல்ல எண்ணத்தில் செய்ததற்கும் தண்டப் புள்ளி வரும்.

நேரம்: ஒரு போர்டுக்கு ஏழெட்டு நிமிடம்தான், 24 போர்ட் என்றால் மூன்று மணித்தியாலம். ஏலத்தில் நினைவுக்கு வராத கன்வென்ஷனைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த நிமிடங்கள் ஆட்டத்திலிருந்துதான் போகும். ஜோடிகள் மேசை மாறும் ஆட்டத்தில் ஒரு ஜோடி பிந்தினால் எல்லோரும் காத்திருக்க வேண்டும், ஆகவே வேலை முடிந்து காலி வீதியால் வருபவர்கள் அந்த நெரிசலையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

காசு: மேசைக் கட்டணம் கழகத்துக்குக் கழகம் வேறு. ஆளுக்கா ஜோடிக்கா, அங்கத்தவர் அல்லாதவருக்கு எவ்வளவு, தேநீர் சேர்த்தா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். பிரிட்ஜ் பேஸ் ஒன்லைனில் சாதாரண மேசையில் ஆடக் காசு வேண்டாம். ரோபோவை வாடகைக்கு எடுக்கவும் சில போட்டிகளுக்கும் உண்டு. ஏலம் மட்டும் விட்டுப் பழகும் மேசையும் அங்கே இருக்கிறது, பார்ட்னர் தெஹிவளையிலும் நீங்கள் கொட்டாஞ்சேனையிலும் இருந்தால் அதுதான் வசதி. ரோபோவோடு ஆடினால் அதன் முறை அதனுடையது, நீங்கள் பென்சிலால் எழுதிய கார்ட் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு பிட்டையும் சொல்வதற்கு முன் அதன் விளக்கத்தை வாசித்துப் பாருங்கள்.

10. அடுத்து எதைச் சேர்ப்பது

மேலே உள்ளவை கைவந்த பிறகு முதலில் நாலாவது சூட் ஃபோர்சிங். மூன்று சூட்டும் சொல்லியாகிவிட்டது, கேமுக்குப் புள்ளி இருக்கிறது, சொல்ல பிட் இல்லை என்ற நிலை அடிக்கடி வருவதால். அதற்குப் பிறகு எதிராளியின் திறப்புக்கு மேல் இரண்டு சூட் காட்டும் மைக்கேல்ஸும் 2 நோட்ரம்ப்பும், இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம், ஒரே யோசனைதான். பிறகு மேஜருக்கு ஜாக்கோபி 2 நோட்ரம்ப், பார்ட்னரின் மேஜரில் நாலு சீட்டும் கேமுக்குப் புள்ளியும் காட்டுவது. லெபென்சோல் கடைசி. அதை எடுப்பதென்றால் 1 நோட்ரம்ப்புக்கு மேல் எதிராளி புகும் கைகளை மட்டும் இருபது முப்பது ஏலம் விட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே பதில் சொல்லத் தொடங்கிய பிறகு கார்டில் எழுதுங்கள்.